ஏழும் ஐந்தும்

கஜா அடித்த வருஷம்
நீடாமங்கலத்தில் வீட்டுக்கொரு ஸ்டெபிலைசர் செத்தது.
காயலான் கடையில் குவிந்து கிடந்ததை
கிலோ நாற்பது ரூபாய்க்கு அள்ளி வந்தேன்.
ஒவ்வொன்றின் வயிற்றிலும் மூன்று ரிலே,
தீப்பெட்டியில் பாதி இருக்கும்.
உள்ளே வண்டல். ஒன்றில் பல்லி முட்டை,
இரண்டு, உடையாமல்.

பகலில் எனக்கு
நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதும் வேலை.
சிப்பம் நாற்பது கிலோ. ஈரம் பதினேழு சதம்.
தாண்டினால் திருப்பி அனுப்புவேன்.
என்னைத் திட்டாத விவசாயி
இந்தப் பிர்காவில் இல்லை.

இரவில் மாடிப்படிக்குக் கீழே
பிளைவுட் பலகையில் வரிசை கோணாமல்
இருபத்திரண்டு ரிலேக்களை நட்டேன்.
கூட்டுவதற்கு அவை.
நினைவில் வைக்க எட்டு டிரான்சிஸ்டர்,
இரண்டிரண்டாக:
ஒன்று விழித்தால் மற்றது தூங்க வேண்டும்,
இரண்டும் சேர்ந்து தூங்கக் கூடாது.
கைக்குழந்தை இருந்த வருஷம்
நானும் தாமோதரனும் செய்துகொண்ட
அதே ஏற்பாடு.

புத்தகம் 'கேட்' என்றது.
எங்கள் ஊரில் கேட் என்றால் ஒன்றுதான்.
அதை மூடினால்
மன்னார்குடி பஸ், வைக்கோல் லாரி,
கல்யாணக் கார், ஆம்புலன்ஸ்
எல்லாம் நிற்கும்.
பலகையில் தலைகீழ்.
மூடினால்தான் ஓடும், திறந்தால் நின்றுவிடும்.
இதை மண்டைக்குள் திருப்பிப் போட
ஒரு மாதம் ஆனது.
ரயில்வே கேட்டில் நின்றபடியேதான்
திருப்பிப் போட்டேன்.

மின்சாரம் தண்ணீர் மாதிரி
என்றும் எழுதியிருந்தது.
எழுதியவர் கடைமடைக்காரர் இல்லை
என்று பென்சிலால் ஓரத்தில் குறித்தேன்.

தை மாதம், பனி.
முதல் கணக்கு: ஏழும் ஐந்தும்.
சுவிட்சுகளைத் தள்ளினேன்.
டக். டக். டக்.
மீதி ஒன்று, மீதி ஒன்று என்று
ஒரு ரிலே அடுத்த ரிலேயிடம் சொல்லிக்கொண்டே போனது
காதில் விழுந்தது.
நாலாவது டக் வரவில்லை.
ஏழும் ஐந்தும் நான்கு
என்றது பலகை.

மூன்று ராத்திரி தேடினேன்.
கம்பிகள் சரி. பற்றவைப்பு சரி.
கடைசியில் மீட்டரை வைத்துப் பார்த்தால்
தலைப்பில் பன்னிரண்டு வோல்ட்.
கடைசி ரிலேக்கு வரும்போது ஏழரை.
நடுவில் மூன்று இடத்தில் களிம்பு,
பச்சையாக, பாசி மாதிரி,
புயல் ஈரம் விட்டுப்போனது.
எழுதியவரிடம் மனதுக்குள்
மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.
ஊர் நெல்லுக்கெல்லாம் ஈரம் பார்க்கிறவள்
இதற்குப் பார்க்கவில்லை.

ஒரு புதுப் பத்து ரூபாய்த் தாளை
முனைகளுக்கு நடுவே விட்டு இழுத்தேன்.
தாள் அழுக்கானது.
மறுபடி ஏழு. மறுபடி ஐந்து.
டக் டக் டக்
டக்.
இடப்பக்கம் இரண்டு விளக்கு எரிய,
வலப்பக்கம் இரண்டு இருட்டு.
பன்னிரண்டு.

நிலையத்தில் மூட்டை தூக்கும் மாசிலாமணி
ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தார்.
"கால்குலேட்டர் நூத்தம்பது ரூவாம்மா."
ஆமாம் என்றேன்.
"பதினஞ்சுக்கு மேல போகாதா?"
போகாது, மறுபடி பூஜ்யம்.
கொஞ்ச நேரம் யோசித்தார்.
பிறகு அவரே சுவிட்சைத் தள்ளி
ஒன்றும் ஒன்றும் போட்டுப் பார்த்தார்.
போகும்போது,
"அந்த டக்கு நல்லா இருக்கு" என்றார்.

நேற்று ராத்திரி கரண்ட் போனது.
பன்னிரண்டும் கூடவே போனது.
திரும்பி வந்தபோது
நான் எதையும் தொடுவதற்கு முன்
பலகை தானாகப்
பதினொன்று காட்டியது.
காரணம் தெரியும்:
ஜோடிகளில் யார் முதலில் விழிப்பது என்று
டிரான்சிஸ்டர்கள் பேசி வைத்துக்கொள்வதில்லை.
அழிக்கிற பித்தான் விரலுக்கடியில்தான் இருந்தது.
அழுத்தவில்லை.
எந்தக் கணக்குக்கு விடையாக இருக்கும் என்று
பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்,
முதல் வண்டிக்குக் கேட் மூடுகிற
மணி அடிக்கும் வரை.